மத்தியானத்தில் நடந்த மாடு

இருபத்தெட்டு வருஷம் நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தேன். விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம், திண்டிவனத்தில் இருந்து மரக்காணம், சில நாள் செஞ்சி வரைக்கும். நடுவழியில் கை காட்டி வண்டியை நிறுத்தி ஏறுவதுதான் வேலை. ஏறின உடனே டிக்கெட் கேட்க மாட்டேன். ஒரு நிமிஷம் சும்மா நின்று முகங்களைப் பார்ப்பேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இல்லையென்றால் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பான். சிரிக்கிறவனைத்தான் முதலில் கேட்பேன். ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. வீட்டில் யாராவது காரணம் இல்லாமல் சிரித்தால்கூட டிக்கெட் கேட்க எனக்குக் கை நீளும்.

அதனால், இந்த மாசியில் பால் கம்பெனிப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "உங்க மாட்டுக்குக் கழுத்துல பெல்ட்டு ஒண்ணு கட்டப் போறோம் சார், ஃப்ரீதான்," என்று சிரித்தபோதே எனக்குக் கை நீண்டது.

எங்கள் ஊர் திண்டிவனத்தில் இருந்து ஓமந்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வீட்டில் நானும் என் மனைவியும்தான். மகளை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம். ஒரே ஒரு மாடு, செவலை, கலப்பினம். பாலை ஊர் முனையில் இருக்கிற கம்பெனி மையத்தில் ஊற்றுகிறோம். அந்தப் பெண் அங்கேதான் வேலை.

"இது மாட்டுக்கு வாட்ச்சு மாதிரி சார். எவ்ளோ நேரம் தின்னுது, எவ்ளோ நேரம் அசை போடுது, நடக்குதா, இரைக்குதா, எல்லாத்தையும் பாத்துக்கினே இருக்கும். உங்க போனுக்கு வந்துரும். மாட்டுக்கு ஒண்ணுன்னா நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிரும்."

"அதுல கம்பெனிக்கு இன்னாம்மா லாபம்?"

"மாடு சொகமா இருந்தா பால் நல்லா இருக்கும் சார். வேற இன்னா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மாட்டின் சுகத்துக்காகக் கம்பெனி கவலைப்படுகிறது என்றால் நான் நம்ப வேண்டுமா? எனக்குள்ளே ஓடினது வேறு. தினம் ஒரு லிட்டர் பாலைக் கம்பெனிக்குக் காட்டாமல் ரோட்டு முனை டீக்கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த பெல்ட் அதைக் கண்டுபிடித்து மேலே சொல்லிவிடும் என்று நினைத்தேன். ஊரார் டிக்கெட்டை எல்லாம் சோதித்தவன் தன் வீட்டு மாட்டை டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி முந்திக்கொண்டு, "கட்டும்மா," என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சட்டென்று முடிவு சொல்கிற ஆளே இல்லை. எதற்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். செவலை அப்போது ஆறு மாதச் சினை. போன வருஷம் இதே செவலை எட்டாவது மாதத்தில் செத்த கன்றைப் போட்டது. இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளால் ஆகாது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்: "இந்த வாட்டியும் போச்சுன்னா நான் மாடே வெச்சிக்க மாட்டேங்க. கயித்த அவுத்து வுட்டுட்டு மக வூட்டுக்குப் போயிருவேன்."

போன வருஷத்துக் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே என் தம்பி வீடு. பாகம் பிரித்தபோது பெரிய புங்கமரம் அவன் பங்கில் போய்விட்டது. நான் கவலைப்படவில்லை, புதிதாகத் தகரம் போட்டு மாட்டுக் கொட்டகை கட்டினேன். தம்பி வானூர் பக்கம் கட்டட வேலைக்குக் காலையிலேயே போய்விடுவான். தம்பி மனைவி வீட்டில் இருப்பாள். சித்திரை மாதம், ஒரு மத்தியானம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் கேட்டாள்:

"மாமா, செவலைக்கு இப்படி இரைக்குதே, வயித்துல கீறது தாங்குமா? இப்படி ஓட்டியாந்து மரத்தடியில கட்டுங்களேன்."

நாலாம் நாள் கன்று செத்துப் பிறந்தது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. சினை மாட்டைப் பார்த்து, வயிற்றில் இருப்பது தாங்குமா என்று யாராவது கேட்பார்களா? கண் வைத்ததும் இல்லாமல் வாயும் வைத்துவிட்டாள் என்று தெருவில் நின்று கத்தினேன். மாட்டு டாக்டர் வெயில் என்று ஏதோ சொன்னார். அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மனைவியிடமும் சொல்லிவிட்டேன்: அந்த வாசலை மிதித்தால் என் வாசலை மிதிக்காதே.

அதோடு விடவில்லை. திண்டிவனத்தில் தெரிந்த பிரிண்டிங் கடையில் இருந்து பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள் வாங்கி வந்து, கொட்டகையின் கிழக்குப் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை அடைத்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் என்று எல்லாம் அதில் இருந்தன. இரண்டு பேனரில் 'வருக வருக' என்று பெரிதாக எழுதியிருந்தது. தம்பி வீட்டைப் பார்த்து அது இருக்கக் கூடாது என்று மாட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். இனி அவள் கண் எப்படி விழும், பார்ப்போம் என்று இருந்தது. என் மனைவி மட்டும், "காத்து வராதுங்க, உள்ள வெந்து போவுங்க," என்றாள். காற்று வராவிட்டால் என்ன, கண் வராதே என்றேன்.

பெல்ட் கட்டியாகிவிட்டது. மனைவியிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனில்தான் அதைப் போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு கோடு. பச்சை என்றால் அசை போடுகிறது, மஞ்சள் என்றால் நடக்கிறது, சிவப்பு என்றால் இரைக்கிறது.

நான் எந்தக் கண்டக்டரையும் சோதிக்காமல் நம்பினதில்லை. பங்குனியில் ஒரு காலை, மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில், பெல்ட்டைக் கழற்றி என் கழுத்திலேயே கட்டிக்கொண்டேன். மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, வேர்க்கடலை போட்டிருந்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையை எட்டுச் சுற்றுச் சுற்றினேன். திரும்பி வந்து மறுபடியும் மாட்டுக்குக் கட்டிவிட்டு, போனில் என்ன பொய் வருகிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். செய்தி வந்தது: 'உங்கள் மாடு வழக்கத்துக்கு மாறாக அலைபாய்கிறது. உடனே கவனிக்கவும்.'

அதே செய்தி கம்பெனி மையத்துக்கும் போயிருக்கிறது; அரை மணியில் அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. "சினை மாடு சார்! கலையப் போவுதுன்னா இப்படித்தான் காட்டும்!" என்று கொட்டகைக்குள் ஓடினாள். செவலை சாவதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அவள் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். தலைகீழாகக் கட்டியிருந்தேன். உள்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள்.

"சார், உங்க மாடு விபூதி பூசுமா?"

அதற்குள் வந்துவிட்ட என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சர்வீஸில் நான் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவன் நிற்கிற நிலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று மட்டும் லாபம். பெல்ட் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

பொய் சொல்லாது என்று தெரிந்த பிறகுதான் உண்மையான பேஜாரு ஆரம்பித்தது.

தினம் பதினோரு மணி பஸ்ஸில் நான் திண்டிவனம் போவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடை. பழைய டிரைவர், கண்டக்டர் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நாலரைக்குத் திரும்பி வருவேன். ஞாயிறு மட்டும் வீடு. சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும், டீயைக் குடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். பன்னிரண்டே காலுக்கு ஒரு மஞ்சள் கோடு. மாடு நடக்கிறது. அப்புறம் மூன்றரை வரை நல்ல பச்சை. மூன்றரைக்கு மறுபடியும் மஞ்சள்.

காலை பதினோரு மணிக்கு நான் கட்டிவிட்டு வந்த மாடு, சாயந்திரம் நான் திரும்பும்போதும் அதே முளையில்தான் இருக்கும். இடையில் அது எங்கே நடக்கிறது? முந்தின நாட்களைத் தள்ளிப் பார்த்தேன். எல்லா நாளும் அதே நேரம், அதே மஞ்சள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மஞ்சள் இல்லை. ஞாயிறு மத்தியானம் முழுக்கச் சிவப்பு. கூடவே, 'மூச்சிரைப்பு அதிகம். நிழலும் தண்ணீரும் தரவும்' என்று வந்திருந்த செய்திகளை கொட்டகைக்கு ஃபேன் விற்கக் கம்பெனி செய்கிற தந்திரம் என்று நான் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நான் இல்லாதபோது யாரோ என் மாட்டை அவிழ்க்கிறார்கள். என் மனம் ஒரு நிமிஷத்தில் எல்லா ஊருக்கும் போய் வந்தது. பால் கறக்கவா? பால் வற்றவிட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. மாட்டுத் தரகன் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகிறானா? இல்லை, தம்பி மனைவி என் மனைவி தூங்குகிற நேரம் பார்த்து ஏதாவது செய்கிறாளா? போன வருஷம் கண்ணால் செய்ததை இந்த வருஷம் கையாலேயே செய்கிறாளா? வீட்டுக்கு வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "மாடு எப்படி இருக்குது?" என்றேன். "கட்டுன எடத்துலேயே கீது," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் திடீர்ப் பரிசோதனை. பதினோரு மணி பஸ்ஸில் எல்லோரும் பார்க்க ஏறினேன். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பி, எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே மதகில் இறங்கிக்கொண்டேன். மல்லாட்டை பிடுங்கிக் கொடியை உலர்த்திப் போர் போட்டிருந்தார்கள். கொல்லை வழியாகவே நடந்து, எங்கள் வேலியோரப் போருக்குப் பின்னால் போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

பன்னிரண்டே காலுக்கு என் மனைவி கொட்டகையில் இருந்து வந்தாள். கையில் கயிறு. கயிற்றின் கடைசியில் செவலை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நேரே தம்பியின் பாகத்துக்குள் போனாள். புங்கமரத்தடியில் தம்பி மனைவி ஈரம் தெளித்து வைத்திருந்தாள், தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். செவலை வழி தெரிந்த மாதிரி போய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, முன்னங்காலை மடக்கிப் படுத்தது. படுத்த உடனே வாய் அசைந்தது. மரக்காணம் பக்கமிருந்து வருகிற கடல் காற்று அந்த மரத்தில்தான் முதலில் படுகிறது என்பது சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரியும். அதைத்தான் நான் பேனர் போட்டு அடைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் பேச்சை மீறி, என் முதுகுக்குப் பின்னால், என் எதிரியோடு. இரண்டடி முன்னால் வைத்துவிட்டேன். அப்போதுதான் தம்பி மனைவி உட்கார்ந்திருந்த விதம் கண்ணில் பட்டது. மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்படித் திரும்பிதான் உக்காரேன்டி," என்றாள் என் மனைவி.

"வாணாங்க்கா. நான் பாக்கல. வயிறு எறங்கிக்கீதா, மடி கட்டுதான்னு நீயே பாத்துச் சொல்லு."

"அவருதான் இங்க இல்லியே."

"இல்லன்னா இன்னா? எனக்கே இப்பப் பயமா கீதுக்கா. நெஜமாவே என் கண்ணுதானோ இன்னாவோ."

அவள் நடிக்கிறாள் என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை. பரிசோதகன் ஏறியிருக்கிறான் என்று தெரியாத நேரத்தில் ஒருவன் என்ன செய்கிறானோ அதுதான் அவன். யாரும் பார்க்காத மரத்தடியில் யாருக்காக நடிப்பாள்? போன வருஷம் அவள் சொன்னதும், இந்த வருஷம் போனில் வந்ததும் ஒரே சேதிதான். மாடு இரைக்கிறது, நிழலில் கட்டு. அவளைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டினேன். போனில் வந்ததை அழித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு முன்னால் போய் நிற்கத் தைரியம் இல்லை. வந்த வழியே திரும்பி மதகுக்குப் போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நல்ல மனுஷனாக இருந்திருந்தால் அன்று சாயந்திரமே பேனரைக் கிழித்திருப்பேன். கிழித்தால் நான்தான் கன்றைக் கொன்றேன் என்று ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா? அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். நான் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையும் திண்டிவனம் கிளம்பினேன். பத்து மணிக்கே போனேன், ஐந்து மணிக்கு வந்தேன். டீக்கடையில் மற்றவர்கள் வராத நாளில்கூடத் தனியாக உட்கார்ந்து பன்னிரண்டே கால் மஞ்சளுக்காகக் காத்திருப்பேன். கோடு விழுந்ததும் மனசு குளிரும். இரண்டாவது டீ சொல்வேன்.

என் மனைவிக்கு இப்போது என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம கூட அப்படி இன்னா திண்டிவனம்? எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்க எதுக்குக் காயுது? குடிக்கிறீங்களா?" என்று சட்டையை முகர்ந்து பார்த்தாள். சங்கக் கூட்டம் என்றேன். எந்தச் சங்கம் என்றாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வைகாசி பிறந்து கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பன்னிரண்டே காலுக்கு மஞ்சள் வரவில்லை. பன்னிரண்டரைக்கும் வரவில்லை. ஒரு மணிக்கு அடர் சிவப்பு. செவலைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மாடு எப்படி கீது?"

"நல்லாத்தான் கீது. கொட்டாய்லதான் கட்டிக்கீது." குரல் இறுகியிருந்தது.

"இரைக்குது இல்ல?"

"இல்லியே."

பெல்ட் இரைக்கிறது என்கிறது, மனைவி இல்லை என்கிறாள். பெல்ட்டை நான் கழுத்தில் கட்டிச் சோதித்திருக்கிறேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "புங்கமரத்துக்கு ஓட்டிக்கினு போ," என்றேன்.

மறுமுனையில் குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வெடித்தாள். "எல்லாம் பாத்துக்கினுதான் இருந்தீங்களா? காலைல அந்தக் கம்பெனிப் பொண்ணு பேட்டரி பாக்க வந்துது. தெனம் மத்தியானம் மாடு நடக்குது, சாரு போன்ல பாத்திருப்பாரேன்னு சொல்லிச்சு. எனக்கு ஈரக்கொலையே நின்னு போச்சு. இப்ப போ போன்னு சொல்லி, போனதும் வந்து நின்னு அவள நாலு பேருக்கு முன்னால அசிங்கப்படுத்துறதுக்கா? நான் ஓட்ட மாட்டேன். கட்டுன எடத்துலேயே கெடக்கட்டும்."

"இல்லம்மா, நெஜமாத்தான் சொல்றேன். ஜல்தி ஓட்டு."

"உங்கள எனக்குத் தெரியாதா?" என்று போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் சொன்ன ஒரு சொல்லை நம்ப ஆள் இல்லை. அவள்மேல் தப்பில்லை. அத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் அப்படித்தான் நினைப்பாள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் தனியாளாக ஏறி, "எங்கியும் நிக்காத, போ," என்றேன்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது அடுப்படியில் நுழைந்த மாதிரி அனல் அடித்தது. செவலை கால்களை அகட்டி நின்றுகொண்டு, நாக்கைத் தொங்கவிட்டு, வாயில் நூல் நூலாக எச்சில் ஒழுக இரைத்துக்கொண்டிருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் என் மனைவி குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தோடு பின்வாங்கினாள். என்னைக் கண்டு பயந்தாள்.

அரிவாளை எடுத்துக் கிழக்குப் பக்கத்துக் கயிறுகளை அறுத்தேன். பேனர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. கயிற்றைப் பிடித்து, ஒரு வருஷமாக மிதிக்காத தம்பி பாகத்துக்குள் மாட்டை நானே நடத்திக்கொண்டு போனேன். சத்தம் கேட்டுத் தம்பி மனைவி வெளியே வந்தாள். என்னைக் கண்டு ஒரு கணம் நின்றாள். மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்து வந்து, மாட்டின் முதுகில் தண்ணீரைப் பீய்ச்சினாள். பீய்ச்சுகிற நேரம் முழுவதும் முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தாள். தண்ணீர் பாதி என்மேல் விழுந்தது. நான் நகரவில்லை.

"பாத்து ஊத்தும்மா," என்றேன். என் வாயில் இருந்து அவளுக்கு ஒரு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் வார்த்தை அது. அவள் திரும்பவில்லை.

சாயந்திரம் மாட்டு டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். வயிற்றில் கை வைத்து, "உள்ள அசையுது. நாலு நாள் போகட்டும், அப்புறம் சொல்றேன்," என்றார். அந்த நாலு நாளும் நான் திண்டிவனம் போகவில்லை. மரத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போனைப் பார்ப்பதும், மாட்டின் வலது வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். போனில் வருவது போதவில்லை, கைக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலை முழுக்க ஒன்றும் அசையவில்லை. போச்சு, இந்தத் தடவை யார்மேல் பழி போடுவது என்று உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு உள்ளே இருந்து ஒரு உதை. என் மனைவியைக் கூப்பிட்டு அவள் கையை எடுத்து அங்கே வைத்தேன். அவள் கையை எடுக்கவே இல்லை.

வைகாசிக் கடைசியில், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், அந்த மரத்தடியிலேயே கன்று ஈன்றது. கிடேரி, பெண் கன்று. தாயைப் போலவே செவலை, நெற்றியில் மட்டும் வெள்ளை. முந்தின நாளே போனில், 'மாடு அசை போடுவது குறைகிறது, கன்று ஈனலாம்' என்று வந்திருந்தது. கம்பெனிப் பெண் வந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். தம்பிகூட வேலைக்குப் போகாமல் நின்று வைக்கோலால் கன்றைத் துடைத்தான். அவன் மனைவி மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சமையல் வேலை இருக்கிறது என்றாளாம்.

எங்கள் பக்கத்தில் முதல் சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டுப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் வாயில் வைப்போம். பெண்கள்தான் எடுத்துப் போவார்கள். மனைவி கிளம்பினாள். நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். தம்பி வீட்டு வாசலில் போய் நின்று குரல் கொடுத்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போயிருந்தேன். பாத்திரத்தை நீட்டினேன். "வந்து கன்னுக்குட்டியப் பாரும்மா," என்றேன்.

"இருக்கட்டும் மாமா."

"கண்ணு கிண்ணு ஒண்ணுமில்லம்மா. நான் சொன்னது தப்பு. நீ பாத்துச் சொல்லு, கன்னு எப்படி கீதுன்னு."

அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். சூடு ஆறவில்லை, முந்தானையால் பிடித்துக்கொண்டாள்.

"கன்னுக்கும் ஒரு பெல்ட்டு கட்டிடச் சொல்லுங்க மாமா," என்றாள். "அது பாத்துச் சொன்னா யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, ஒரு யோசனை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.